யுஎஸ்பி மோடம் டிரைவரைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் யுஎஸ்பி மோடம்களுக்கான நெட்வொர்க் டிரைவர் ஒன்றைத் திறந்தாலே கை துறுதுறுக்கும். ஒரே வரிகள் நாலு இடத்தில் இருக்கும். ஏன் இருக்கின்றன என்றே தெரியாத நிபந்தனைகள் கிடக்கும். சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் நாம் அழுக்கு என்று நினைக்கும் பல வரிகள், ஏதோ ஒரு டாங்கிளின் (யுஎஸ்பியில் செருகும் மோடம்) கோளாறைச் சமாளிக்க யாரோ மல்லுக்கட்டி எழுதியவை.

கியூஎம்ஐ (குவால்காம் மோடம்களோடு பேசும் நெறிமுறை) மோடம் டிரைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் வந்ததும் அதன் முதல் பைட்டைப் பார்க்கிறது. மேல் பாதி 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6 என்று கண்டுபிடித்து, ஈதர்நெட் ஹெடரைத் தானே முன்னால் ஒட்டுகிறது. வேண்டாத வேலை மாதிரி தெரியும். சில மோடம்களின் ஃபர்ம்வேர் சில நேரம் ஹெடரே இல்லாமல் வெறும் ஐபி பாக்கெட்டை அனுப்பிவிடும், அதற்காகத்தான் இது. அதே ஃபங்ஷனின் தொடக்கத்தில் நீளம் சரிபார்க்கும் ஒரு வரியும் உண்டு. முன்பு அதை யுஎஸ்பிநெட் என்ற, பல யுஎஸ்பி நெட்வொர்க் டிரைவர்கள் பகிரும் பொதுக் கோடே பார்த்துக்கொண்டது. 2014-இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அந்தந்த டிரைவர்தான் பார்க்க வேண்டும். "பொதுக் கோடு பார்த்துக்கொள்ளுமே" என்று அதை நீக்கினால், குட்டியாக ஒரு பாக்கெட் வந்தாலே போதும், இல்லாத ஹெடரைப் படிக்கப் போய்விடும். ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்க்காமல் ஒரு நிபந்தனையையும் தொடாதீர்கள்.

எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிவது, வாங்கிய நினைவகம் போன்றவற்றை விடுவிக்கும் வழிகளை ஒன்றாக்குவது. ஆப்ஷன் நிறுவன மோடம்களுக்கான ஹெச்எஸ்ஓ டிரைவரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டாங்கிளைப் பிடுங்கும்போது ஓடும் ஃபங்ஷனையே, தொடக்கத்தில் ஏதாவது தோற்றாலும் கூப்பிட்டார்கள். ஒரே கோடு, இரண்டு வேலை, பார்க்க அழகுதான். ஆனால் பாதியில் தோற்றபோது நெட்வொர்க் சாதனம் இன்னும் பதிவாகியே இருக்காது. பதிவாகாததைப் பதிவுநீக்கம் செய்யப் போய், விடுவித்த நினைவகத்தையே மறுபடி தொடும் நிலை வந்தது. 2021-இல் இது பாதுகாப்புக் குறைபாடாகவே பதிவானது. முதலில் எந்த வழியில் வந்திருக்கிறோம் என்று சொல்ல ஒரு கொடியை (ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் மதிப்பு) சேர்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தோல்விக்கும் தனி லேபிள் வைத்து, அதுவரை வாங்கியதை மட்டும் தலைகீழ் வரிசையில் திருப்பிக்கொடுக்கும்படி மாற்றி, கொடியை எடுத்துவிட்டார்கள். நீளமாகத் தெரியும் அந்தக் கோடுதான் உண்மையில் சுத்தமானது.

அதே டிரைவரில் வெறும் 17 பைட்டுக்கு கேமல்லாக் செய்திருப்பார்கள், அதாவது கெர்னலிடம் தனியாக நினைவகம் கேட்டு வாங்கியிருப்பார்கள். "இவ்வளவு சின்னதுக்கா? ஸ்டாக்கில் வைத்துவிடலாமே" (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகத்தில்) என்று தோன்றும். கூடாது. யுஎஸ்பி பரிமாற்றத்துக்குக் கொடுக்கும் பஃபர் டிஎம்ஏ (வன்பொருள் நேரடியாக நினைவகத்தைப் படிப்பது, எழுதுவது) செய்யத்தக்க இடத்தில் இருக்க வேண்டும். 4.9 கெர்னலிலிருந்து ஸ்டாக்கே விமேல்லாக் பகுதியில் (டிஎம்ஏவுக்கு ஏற்றதல்லாத நினைவகம்) இருக்கக்கூடும் என்பதால், முன்பு தப்பித்த கோடும் இப்போது உடையும். இந்த 17 பைட்டில் இன்னொரு பாடமும் உண்டு. சாதனம் சொன்ன இன்டர்ஃபேஸ் எண்ணை அப்படியே நம்பி, அதை வைத்தே அந்த பஃபருக்குள் படித்தார்கள். எண் 255 வரை போகலாம். எல்லை சரிபார்ப்பு 2018-இல்தான் வந்தது. போலி டாங்கிள் ஒன்று என்ன வேண்டுமானாலும் சொல்லும் என்று வைத்துக்கொண்டே படியுங்கள்.

யுஆர்பி (ஒரு யுஎஸ்பி பரிமாற்றத்துக்கான கோரிக்கை) முடிந்ததும் கூப்பிடப்படும் கால்பேக் ஃபங்ஷனில் தூங்க, அதாவது காத்திருக்க, முடியாது. அங்கே ஜிஎஃப்பி அட்டாமிக் (காத்திருக்காமல் நினைவகம் கேட்கும் முறை) இருப்பதைப் பார்த்து, "மற்ற இடம் மாதிரியே இருக்கட்டும்" என்று, காத்திருக்கக்கூடிய ஜிஎஃப்பி கெர்னல் ஆக்கிவிடாதீர்கள். யுஆர்பியை முடியும்வரை காத்திருந்து நிறுத்தும் 'கில்' வகையையும் அங்கே கூப்பிடக்கூடாது.

இடைவெளி, அடைப்புக்குறி திருத்தம் மட்டும் கொண்ட பேட்ச் அனுப்பாதீர்கள். வேறு வேலையோடு சேராத வெறும் சுத்தப்படுத்தலை ஊக்குவிப்பதில்லை என்று கெர்னலின் நெட்வொர்க் பிரிவு தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. பின்னால் ஒரு பிழைத்திருத்தத்தைப் பழைய ஸ்டேபிள் கெர்னலுக்குக் கொண்டுபோகிறவருக்கு, இந்த இடைவெளி மாற்றங்கள்தான் குறுக்கே நிற்கும்.

கம்பைல் ஆனதோடு விட்டுவிடாமல், பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே டாங்கிளைப் பிடுங்குங்கள். திரும்பச் செருகுங்கள். நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கேசான் போட்ட கெர்னலில் இருபது முப்பது தடவை இதைச் செய்து, ஒவ்வொரு தடவையும் கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜைப் படியுங்கள்.