நொறுங்கிய வண்டி, உயிருள்ள ஆர்.சி.: விற்பவரும் வாங்குபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிக்குச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கார் விபத்தில் சிக்கி, முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப் பெருந்துறைப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 6 லட்சம் ரூபாய். பழுதுபார்க்க 4 லட்சத்து 80 ஆயிரம் ஆகும் என்று பட்டறை கணக்குக் கொடுக்கிறது. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு, என்று கொள்வது காப்பீட்டுத் துறையின் வழக்கம் என்பதால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் அப்படியே எழுதுகிறார். அடுத்து, மிச்சமிருக்கும் வண்டிக்கு, அதாவது சால்வேஜுக்கு, விலை கேட்கப்படுகிறது. அங்கே பெரும்பாலும் இரண்டு தொகைகள் வரும். பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு கொடுத்தால் ஒரு விலை, ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டுக் கொடுத்தால் அதைவிடக் குறைந்த ஒரு விலை.

இந்த விலை வித்தியாசத்தில்தான் மோசடியின் வேர் இருக்கிறது. நொறுங்கிய வண்டியை வாங்கித் தட்டி நிமிர்த்தி, உண்மையைச் சொல்லி விற்பது குற்றமல்ல. அந்த வேலையைத் திறமாகச் செய்யும் டிங்கரிங் பட்டறைகள் கொங்கு நாட்டில் நிறையவே உண்டு. ஆனால் எல்லோரும் வண்டிக்காக அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பதில்லை. சிலருக்கு வேண்டியது ஆர்.சி. புத்தகம் மட்டுமே. அதே மாடல், அதே நிறத்தில் எங்கோ திருடப்பட்ட ஒரு கார் வருகிறது. அதன் சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணை, தேய்த்து அழித்துவிட்டு நொறுங்கிய காரின் எண்ணைப் பஞ்ச் அடிக்கிறார்கள், அல்லது நொறுங்கிய காரில் எண் உள்ள தகட்டையே வெட்டியெடுத்துத் திருட்டுக் காரில் பற்றவைக்கிறார்கள். ஆர்.சி. அசல், காப்பீடு அசல், ஆர்.டி.ஓ. பதிவும் அசல். பொய் சொல்வது இரும்பு மட்டும்தான்.

வண்டியின் உரிமையாளர் செய்யும் முதல் தவறு, பணம் கைக்கு வந்தால் போதும் என்று பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் வாங்குபவரின் பெயரைக்கூட நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது. அந்தத் தாள்கள் புரோக்கர்கள் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தாலும், பதிவேட்டில் இருக்கும் பெயர் அவருடையதுதான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஈரோட்டில் விற்ற வண்டி வேறு மாநிலத்தில் ஆளை மோதினாலும் நோட்டீஸ் ஈரோட்டு முகவரிக்கே வரும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது: ‘இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 55ஆம் பிரிவு அந்தக் கடமையை உரிமையாளர் மேல்தான் வைத்திருக்கிறது. வண்டி அழிந்துபோனாலோ, இனி நிரந்தரமாக ஓட்ட முடியாத நிலைக்கு ஆனாலோ, 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் அவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் அனுப்பிவைக்க வேண்டும். ஆகவே, டோட்டல் லாஸ் ஆன வண்டி இனிச் சாலைக்குத் திரும்பாது என்று தெரிந்தால், ஆர்.சி.யை ரத்து செய்யும் வழியையே தேர்ந்தெடுத்து, பைனான்ஸ் இருந்தால் அதையும் முடித்துக்கொண்டு, மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சில வாரங்கள் கழித்து அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு உண்மையிலேயே ரத்தாகியிருக்கிறதா என்று பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. பழுதுபார்த்து ஓட்டுபவருக்கே விற்பதென்றால், பெயர் மாற்றம் முடியும்வரை கோப்பை மூடாதீர்கள். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்குக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதிகளின்படி, ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்து அதை இணையத்தில் முறைப்படி தெரிவித்துவிட்டால், அதற்குப் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். கடைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பெயரும் காப்பீட்டுத் தேதியும் சரியாக வந்ததும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மோசடியில் இவையெல்லாம் சரியாகத்தான் வரும். பார்க்க வேண்டிய இடம் இரும்பு. சேசிஸ் எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழுந்திருக்க வேண்டும். சுற்றிலும் புதுப் பெயிண்டோ, அரத்தால் தேய்த்த தழும்போ, வெல்டிங் தடமோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த 17 இலக்க எண்ணில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் ஒருபோதும் வராது. மாருதி சுசுகி வண்டி என்றால் பெரும்பாலும் எம்.ஏ.3 என்றும், குஜராத் ஆலையில் தயாரானதென்றால் எம்.பி.எச். என்றும் தொடங்கும். கண்ணாடியில் பொறித்த ஆண்டும் ஆர்.சி.யில் உள்ள ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதையும், கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த எண்ணுக்கு உள்ள பழைய பில்களையும் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று சந்தேகம் வந்தால், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாலே சேற்றுக் கறை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இதில் ஒரு சிறிய பாதுகாப்பு உண்டு. எட்டு ஆண்டுகள் ஆகாத லாரியானால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதானால் ஆண்டுதோறும் என எப்.சி.க்காக, அதாவது தகுதிச் சான்றுக்காக, லாரி ஆய்வுக்குப் போயே தீர வேண்டும். சொந்தக் காருக்கோ முதல் 15 ஆண்டுகளுக்கு எப்.சி.யே கிடையாது.

தனிமனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், முறை மாறாமல் இது முழுதாகத் தீராது. அமெரிக்காவில் டோட்டல் லாஸ் ஆன வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அது சால்வேஜ் என்று முத்திரை விழுகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசியத் தகவல் அமைப்புக்குக் காப்பீட்டு நிறுவனங்களும் உடைப்புக் களங்களும் மாதந்தோறும் விவரம் அனுப்ப வேண்டும் என்பது 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் பதிவை மாற்றி முத்திரையைக் கழுவிவிடுபவர்கள் உண்டு என்றாலும், வாங்குபவர் கேட்டுப் பார்க்க ஓர் இடமாவது இருக்கிறது. நம்முடைய ஆர்.சி.யில் அப்படி ஒரு முத்திரைக்கு இடமே இல்லை. வாஹன் நாடு முழுவதற்குமான தளம். டோட்டல் லாஸ் என்று முடிவான நாளே காப்பீட்டு நிறுவனத்துக்கு அது தெரியும். அந்தத் தகவலை நிறுவனமே நேரடியாக வாஹனில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டு, இயந்திரப் பரிசோதனை முடியும்வரை பெயர் மாற்றத்தை நிறுத்திவைத்தால், ஆர்.சி.யோடு கிடைக்கும் அந்தக் கூடுதல் விலை தானாகவே இறங்கிவிடும் என்பது என் கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கிய வண்டியில் எண் மாறியிருப்பது தெரியவந்தால், விற்றவரிடம் ஓசையில்லாமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வது கடைசித் தவறு. அந்த வண்டி அடுத்த வாரமே இன்னொருவர் தலையில் கட்டப்படும். திருட்டு வண்டி என்று தெரிந்தே கைமாற்றியவர் மேல் இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். பென்சில் பிரிண்ட், வங்கி வழியாகப் பணம் கொடுத்த சான்று, விற்றவரின் அடையாள நகல் ஆகியவற்றுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் சேர்ப்பிக்க வேண்டும். வண்டி கையைவிட்டுப் போகும். பணத்தை மீட்பது விற்றவர் மேல் தொடுக்கும் வழக்கைப் பொறுத்தது.