கடலோரக் கலந்தாய்வு: தேதி குறிக்கும்போதே தொடங்கும் தவறுகள்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆய்வாளர்கள், வனத்துறை, மீன்வளத்துறை, மீனவர்கள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கும் கலந்தாய்வுகள் நடக்கின்றன. பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா என்னும் கடற்பசு என்று பேசுபொருள் மாறும். யாருடைய குரல் விடுபடும் என்பது மட்டும் கூட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு தேதியில். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் தொழிலுக்குப் போவது ஏற்பாடு. எந்த நாளைக் குறித்தாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும். தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்பதும் தப்புக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் வலை விடுகிறார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களே வேலைநாள்கள். ஆகவே ஒரே கூட்டத்தை இரண்டு வெவ்வேறு நாள்களில் நடத்துங்கள். வெள்ளி நண்பகல் தொழுகையையும் ஞாயிறு பூசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டால் ஊருக்கே சொன்னதாகாது. வருபவர்களில் பெரும்பாலோர் படகு உரிமையாளர்களாக, ஆண்களாக இருப்பார்கள். அழைப்புப் பட்டியலைத் தொழில்வாரியாக எழுதுங்கள்: படகில் கூலிக்குப் போகிறவர், கரைவலை இழுப்பவர், பாசி எடுப்பவர், கருவாடு போடுபவர், ஏலம் விடுபவர். ஒவ்வொரு வகையிலும் மூன்று பேராவது வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் பேசாமலே திரும்பிவிடுவார். அன்றைய கூலியையும் பேருந்துச் செலவையும் கொடுப்போம் என்று அழைக்கும்போதே சொல்லி, மாலையில் கையில் கொடுங்கள். வங்கிப் படிவம் நீட்டினால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

கூட்டத்தை 40 நிமிட விளக்கப்படத்தோடு தொடங்குவது அதிகம் நடக்கும் பிழை. விஞ்ஞானி முதலில் பேசிவிட்டால், மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்பவர்களாக மட்டும் ஆகிவிடுகிறார்கள். தரையில் ஒரு பெரிய கடல் வரைபடத்தை விரியுங்கள். குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, சேறு எங்கே, எந்தக் காற்றில் எந்த வலை என்று கூழாங்கல் வைத்துக் காட்டட்டும். பேனா பிடிக்கத் தயங்குபவரும் கல்லை வைப்பார். அதன் பிறகு விஞ்ஞானிக்கு 10 நிமிடம் போதும். ஆழத்தை அவர் பாகத்தில் சொல்ல வேண்டும்: ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி, 18 மீட்டர் என்பது சுமார் 10 பாகம். அலகு ஒன்றானதும் இரண்டு அறிவும் ஒரே தாளில் உட்காரும்.

அந்த வரைபடமே ஆபத்தாகவும் முடியலாம். கடல் அட்டை என்னும் கடலடி உயிரினத்தைப் பிடிப்பது 2001 முதல் தடை. அது கிடைக்கும் இடத்தில் ஒருவர் கல் வைத்தால், அதைப் பார்க்கும் அதிகாரி என்ன செய்வார்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், தீவோரம் பாசி எடுக்கப் போன பெண்களுக்கும் இதே அச்சம் உண்டு. அதிகாரிகளை மதியத்துக்கு மேல் அழையுங்கள். வரைபடத்தில் பெயர் எழுதாதீர்கள். அதை யார் வைத்துக்கொள்வது, யாருக்குக் காட்டலாம் என்பதைக் கல் வைக்கும் முன்பே ஊராரோடு பேசி முடியுங்கள். இதைத் தவறவிட்டால் கெடுவது கூட்டம் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

பெண்களை ஆண்களின் நடுவே உட்காரவைத்து "நீங்களும் பேசுங்கம்மா" என்றால் பேச்சு வராது. முதலில் தனியாகப் பேசவிட்டு, அவர்களே தேர்ந்தெடுத்த இருவரைப் பொதுக்கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள்.

குறிப்பெடுக்கும்போது கருத்து வேறுபாட்டை மழுப்பாதீர்கள். கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு பல குடும்பங்களுக்கு வருமானம். அதே பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "அனைவரும் ஒப்புக்கொண்டனர்" என்று எழுதினால் இரண்டு உண்மையும் போய்விடும். இரண்டையும் சொன்னவரின் சொல்லிலேயே எழுதி, கலையும் முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எதை இன்னும் மாற்றலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்போடு அதே ஊருக்குத் திரும்பிப் போய், ஏற்றது எது, ஏற்காதது எது, ஏன் என்று படித்துச் சொல்லுங்கள். அதற்கான பயணச் செலவை முதல் நாள் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். பிறகு கேட்டால் பணம் இருக்காது.