இரவில் வண்ணமா, கருப்பு வெள்ளையா: கண்காணிப்பு கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கேமரா பொருத்தப் பழகுபவர்களுடன் வேலை செய்யும்போது, இத்தொழிலுக்கு வந்த எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் மறுபடியும் அரங்கேறுவதைப் பார்க்கிறேன். லென்ஸைத் துடைக்க மறப்பது, தேதியையும் நேரத்தையும் சரிசெய்யாமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை சுட்டிக்காட்டினாலே திருத்திக்கொள்வார்கள். அவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரவில் கேமரா எந்த முறையில் இயங்க வேண்டும் என்பதில் நேரும் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்து, பதிவு தேவைப்படும் நாளில்தான் வெளிப்படுகின்றன.

அசையாத காட்சியைப் பார்த்து வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இருட்டிய பிறகு பொருத்துபவர் திரையின் முன் அமர்ந்து, அமைப்பை, இருட்டினால் தானாகவே கருப்பு வெள்ளைக்கு மாறும் ‘ஆட்டோ’விலிருந்து, எப்போதும் வண்ணத்திலேயே இருக்கும் ‘கலர்’ முறைக்கு மாற்றிப் பார்க்கிறார். கதவின் பச்சையும் சுவரின் மஞ்சளும் துலக்கமாகத் தெரிகின்றன, உரிமையாளரும் மகிழ்கிறார். அந்தக் காட்சியில் எதுவுமே அசையவில்லை என்பதை இருவரும் கவனிப்பதில்லை.

வெளிச்சம் குறையும்போது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது; கெயினையும், அதாவது சென்சார் தரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவையும், உயர்த்துகிறது. அசையாத பொருளுக்கு இதனால் நன்மையே. நடந்து வரும் மனிதருக்கோ நேர்மாறானது. இயல்பாக நடப்பவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 1.4 மீட்டர் கடக்கிறார். ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/12 விநாடியில் 12 சென்டிமீட்டர். 1/6 விநாடியில் 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு முகத்தின் அகலத்தைவிட அதிகம். அவர் கேமராவுக்குக் குறுக்காக நடந்தால் இந்த நகர்வு முழுவதும் படத்தில் தீற்றலாகப் பதியும். போதாக்குறைக்கு, புள்ளி இரைச்சலைக் குறைப்பதற்காக முந்தைய பிரேம்களோடு சராசரி எடுக்கும் வசதி, மிச்சமிருக்கும் விளிம்புகளையும் கரைத்துவிடுகிறது. மெகாபிக்சல் எத்தனை இருந்தாலும் இதற்கு உதவாது.

ஒரு கிடங்கில் நேர்ந்தது இது. இரவில் பொருள் களவு போனது. பதிவை எடுத்துப் பார்த்தோம். கதவின் நிறம் தெரிந்தது, அறிவிப்புப் பலகையின் எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. உள்ளே வந்து போனவர் மட்டும், பின்னாலிருந்த சுவர் ஊடாகத் தெரியும்படி, புகைபோல் நீண்டு கிடந்தார். கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை, விலையுயர்ந்த கருவிதான். பொருத்தியவர் ஓர் ஆளைக் கதவருகே நிற்க வைத்து, அந்தப் படத்தைக் காட்டிப் பாராட்டும் பெற்றிருந்தார்.

ஆகவே சோதிக்கும்போது ஆளை நிற்க வைக்காதீர்கள், நடக்க வையுங்கள். மிகவும் இருட்டான நேரத்தில், முகம் தெரிய வேண்டிய தொலைவில், அவர் தம் இயல்பான வேகத்தில் குறுக்காக நடக்கட்டும். பிறகு நேரலையை நம்பாமல், பதிவான காட்சியைத் திறந்து, ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பாருங்கள். ஷட்டர் 1/25 விநாடிக்கு மேல் திறந்திராதபடி வரம்பு வையுங்கள். 1/50 இன்னும் நல்லது. அந்த வரம்பில் வண்ணப் படம் இருண்டுபோனால், அந்த இடத்தில் வண்ணத்துக்குத் தேவையான வெளிச்சம் இல்லை என்றே பொருள். விளக்கு போடுங்கள், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் போதிய அளவில் பாய்ச்சிக் கருப்பு வெள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வண்ணத்தில் பூட்டிவிட்டு அகச்சிவப்பு விளக்கை நம்புவது

வண்ண முறையில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நிற்கிறது. அந்தி வேளையில் கேமராவுக்குள் கேட்கும் ‘டிக்’ ஒலி, அந்த வடிகட்டி விலகும் ஒலியே. அது விலகாதவரை 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்காக இருந்தாலும் 940 ஆக இருந்தாலும் அதன் ஒளி படத்துக்குப் பயன்படாது. தனியாக அகச்சிவப்பு விளக்கு வாங்கிப் பொருத்திவிட்டு, கேமராவை வண்ணத்திலேயே விட்டுவைத்து, விளக்கு பழுது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

அகச்சிவப்புப் படத்தில் உடையின் நிறத்தை ஊகிப்பது

கருப்புச் சாயமிட்ட துணிகள் பல அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்புவதால், படத்தில் வெளிர் சாம்பலாகத் தெரிகின்றன. மரத்தின் இலைகளும் அப்படியே வெளுத்துக் கிடக்கும். அத்தகைய பதிவை வைத்து ‘வெள்ளைச் சட்டை அணிந்தவர்’ என்று புகாரில் எழுதினால் தேடலே திசைமாறிவிடும். உயரம், நடை, உடையின் வெட்டு ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் எடுத்த வண்ணப் படத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அங்கே கருநீலத்தையும் கருப்பையும் பிரித்தறிவது கடினம்.

பகலிலும் கருப்பு வெள்ளையில் விட்டுவிடுவது

பதிவாகாத நிறத்தைப் பின்னால் எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது.

சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அகச்சிவப்பு

அணைத்துவிடுங்கள், கண்ணாடி அந்த ஒளியைக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும்.

இரு முறைகளுக்கும் இடையே மாறி மாறித் தாவும் கேமரா

அருகிலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் தன் சொந்த அகச்சிவப்பு ஒளியையே பகல் என்று எடுத்துக்கொண்டு, கேமரா வண்ணத்துக்குத் திரும்புகிறது. உடனே இருட்டாகிவிடவே மறுபடியும் கருப்பு வெள்ளைக்குப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் சில பிரேம்கள் பாழாவதுடன் வடிகட்டியும் தேய்கிறது. கடந்து செல்லும் வாகன விளக்குகளால் இது நேர்ந்தால், மாறுவதற்கான தாமத நேரத்தைச் சில விநாடிகள் கூட்டினால் போதும். சுவரே காரணம் என்றால் தாமதத்தைக் கூட்டிப் பயனில்லை. ஏணி வைத்து ஏறி, கேமராவைத் திருப்ப வேண்டியதுதான்.