கேம்பர் வேனுக்குப் பின்பட்டை ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், பேட்டரி, கூரை மேல் சோலார் பேனல் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றி முடித்த பிறகுதான் பின்பக்கம் அமுங்கிக் கிடப்பது கண்ணில் படும். உடனே பட்டறைக்குப் போய் "அண்ணே, ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். பின் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைகளோடு இன்னும் இரண்டு சேர்ந்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் நிமிர்ந்தது பாடி மட்டும்தான். ஆக்சில் (இடது வலது சக்கரங்களைத் தாங்குகிற தண்டு), டயர், பிரேக் இவை சுமக்கிற எடையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. சமவெளியில் இது தெரியாமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 400 மீட்டருக்கும் கீழே. அந்த இறக்கத்தில் தெரிந்துவிடும்.

முதல் தவறு, எடை போடாமல் வேலையை ஆரம்பிப்பது. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகளுக்கு லோடு போகிற ஊர் என்பதால் எடை மேடைக்குப் பஞ்சமில்லை; கொடைக்கானல் ஏறுகிறவர்கள் வத்தலக்குண்டிலோ அதற்கு முன்போ போட்டுக்கொள்ளலாம். டேங்கில் தண்ணீர், சிலிண்டர், ஆட்கள், மூட்டை முடிச்சு எல்லாம் இருக்கும்போது ஒரு முறை முழு வண்டியையும், அப்புறம் பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி ஒரு முறையும் போடுங்கள். முதல் எண்ணை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடும், இரண்டாவதைப் பின் ஆக்சிலுக்குக் கம்பெனி சொன்ன அளவோடும் ஒப்பிடுங்கள். இதில் தாண்டியிருந்தால் பட்டை ஒரு தீர்வே இல்லை, சாமானைத்தான் குறைக்க வேண்டும். அளவுக்குள் இருந்தும் பின்பக்கம் தொய்ந்திருந்தால் மட்டும் ஸ்பிரிங் வேலைக்கு அர்த்தம் உண்டு.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 3 மீட்டர் வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம்) உள்ள வேனில், பின் ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் பின்னால் 100 லிட்டர் டேங்கை வைத்தால் பின் ஆக்சிலில் ஏறுவது 100 கிலோ அல்ல, 150 கிலோ. மிச்ச 50 முன்சக்கரத்திலிருந்து பறிக்கப்பட்டது. ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாயும், ஸ்டீயரிங் லேசாகிப் போகும், குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டி ஈரமான வளைவில் வண்டி நீங்கள் திருப்பிய அளவுக்குத் திரும்பாது. டேங்கையும் பேட்டரியையும் இரண்டு ஆக்சில்களுக்கு நடுவே கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும், அதற்குப் பட்டைச் செலவுகூட ஆகாது. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். லித்தியத்துக்கு மாறினால் அதில் பெரும்பகுதி மிச்சம். தண்ணீரையும் கீழேயிருந்து சுமந்துகொண்டு போக வேண்டிய அவசியமில்லை, மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது நான் ரொம்பவே கவலைப்படுகிற விஷயம். பல வேன்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே ஒரு சின்னக் கம்பி போகும், அதன் மேல்முனை ஒரு வால்வில் மாட்டியிருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடைக் கணித்து, அதற்கேற்ப பின்பிரேக்குக்கு ஆயில் அழுத்தத்தை விடுவது அந்த வால்வின் வேலை. பட்டை சேர்த்தோ ஏர் பை (ஸ்பிரிங்குக்குத் துணையாக மாட்டுகிற காற்றுப் பை) போட்டோ பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், அந்தக் கம்பியைப் பொறுத்தவரை வண்டி காலி. உள்ளே முழு லோடு இருக்கும்போதே பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும், மொத்தச் சுமையும் முன்பிரேக்கின் தலையில் விழும். இறக்கத்தில் முன் டிஸ்க் சூடேறி, பேட் தீய்ந்த வாடை வந்து, பெடல் அழுத்த அழுத்தப் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம், ஆனால் பட்டை போட்டுத் தருகிற இடத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலை முடிந்ததும் அந்த வால்வைக் கம்பெனி சர்வீஸ் மேனுவலில் உள்ள முறைப்படி மறுபடி செட் செய்யச் சொல்லுங்கள். எல்லா வண்டியிலும் இது இருக்காது, ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் எலெக்ட்ரானிக்காகவே நடக்கும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். குனிந்ததே குனிந்தீர்கள், ஆக்சில் மேலே வந்து இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப்பர் ரப்பரையும் பாருங்கள்: அது நசுங்கி, ஆக்சிலில் அது இடிக்கிற இடம் பளபளவென்று தேய்ந்திருந்தால், ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கி இடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஏர் பை போடுகிறவர்கள் காசு மிச்சம் பிடிக்க இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது காற்று உள்பக்கப் பைக்கு ஓடிவிடும், தாங்க வேண்டிய நேரத்தில் தாங்காது, வண்டி இன்னும் சாயும். இடது வலது தனித்தனி குழாய், தனித்தனி மீட்டர். ஊட்டிக் குளிரில் ஒரு ராத்திரி நின்றால் காற்றழுத்தம் இறங்கியிருக்கும், அதனால் காலையில் கிளம்புமுன் ஒரு பார்வை.

பட்டையைத் தேவைக்கு மேல் அடுக்குவதும் தப்புதான். லோடு இல்லாத நாளில் பின்பக்கம் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, பள்ளத்தில் சக்கரம் குதிக்கும். மஞ்சு மூடிய ஈர ரோட்டில் குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. உங்கள் எடைச் சீட்டைக் காட்டி அந்த அளவுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிடாதீர்கள், கடினமான ஸ்பிரிங்கை அடக்குகிற பலம் அதற்கு இருக்காது. டயரின் பக்கவாட்டில் லோடு எண் இருக்கும்: 104 என்றால் 900 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, அதுவும் சரியான காற்று இருந்தால். பின்னால் ஜோடி டயர் என்றால் சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பட்டை சேர்த்ததால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஏறிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது, கூடுதல் பாரத்துக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட். பழையதையே மறுபடி மாட்டாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள், டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டுகிற ஸ்பானர்) வைத்து முறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார்ந்த பிறகு போல்ட் தளரும், தளர்ந்தால் பட்டைகளை நடுவில் கோத்திருக்கிற சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டரைக் கீழேயே ஓட்டி, மறுபடி முறுக்கிய பிறகு மலை ஏறுங்கள்.