‘மருந்து முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ’ என்றால் என்ன செய்வது?

இலங்கையில் அரச மருத்துவம் இலவசம். ஆனாலும் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. எழுதப்படத்தான் வேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்து பஸ் பிடித்து கிளினிக்குக்கு வரும் கூலித் தொழிலாளி, வெளி மருந்துக்கு ஒருநாள் சம்பளத்தைக் கொடுப்பது நியாயமே இல்லை. அது எழுதப்படும்வரை கையில் இருக்கும் சட்டங்களைப் பயன்படுத்துவோம்.

முதலில் எழுத்து ஆதாரம். வெளியில் வாங்கச் சொன்னால் மருந்தின் பெயர், அளவு, திகதியுடன் துண்டு கேட்டு வாங்குங்கள். அதையும் பார்மசி பற்றுச்சீட்டையும் கிளினிக் கொப்பியோடு வைத்து, போனில் படமும் எடுங்கள். வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முறைப்பாடு நிற்பது கஷ்டம். மாற்று மருந்து இருக்கிறதா என்று அன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள்.

அடுத்தது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பலர் பிழைவிடும் இடம் கேள்விதான். ‘ஏன் மருந்து இல்லை?’ என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். இந்தச் சட்டம் தருவது பதிவுகளை. ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘இந்த மருந்தின் கடந்த ஆறு மாத இருப்புப் பதிவேட்டின் பிரதி, கடைசியாக எப்போது, எவ்வளவு கோரப்பட்டது, உள்ளூர்க் கொள்வனவு செய்யப்பட்டதா?’ விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்; ஆனால் எதனால் உயிராபத்து என்பதை விண்ணப்பத்திலேயே எழுதினால்தான் அதைக் கோரலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனத்தில் நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சாதி, மொழி, ஊர் பார்த்து சிகிச்சை மறுக்கப்பட்டால் கதை வேறு. அரசியலமைப்பின் உறுப்புரை 12 சமத்துவத்தை உறுதிசெய்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு) முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதமும் தேவைப்படும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், இலவச அம்புலன்ஸ். ஒழுங்கை இலக்கத்தைச் சொல்லாமல் குளம், பாடசாலை, ஏ9 வீதிக் கிலோமீற்றர் கல் என்று அடையாளம் சொல்லுங்கள்.