கைமுறுக்கா, மனகோலமா? வாய்ப்புச் செலவைக் கணக்கிடும் முறை

பொருளியல் படிக்கத் தொடங்குவோர், செலவு என்றதும் கையை விட்டுப் போகும் பணத்தை மட்டுமே எண்ணுகின்றனர். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட நேர்ந்த அடுத்த சிறந்த வழியின் பயனே வாய்ப்புச் செலவு. ஆஸ்திரியப் பொருளியலறிஞர் பிரீட்ரிக் வான் வீசர் (1851–1926) தெளிவான உருக்கொடுத்த இக்கருத்தை, காரைக்குடிப் பக்கத்துப் பலகாரக் கணக்கு ஒன்றைப் போட்டே பழகிக்கொள்ளலாம். இதிலுள்ள எண்கள் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் படி: கையில் இருப்பதை எழுதுங்கள்.

விற்பனைக்குப் பலகாரம் போடும் ஓர் ஆச்சியிடம் நான்கு பேர் வேலை செய்கின்றனர். மனகோலம் என்பது வெல்லப்பாகில் பிரட்டிச் செய்யும் இனிப்பு. பாகின் பதத்தை ஆச்சியே பார்த்துக்கொள்வதால், நால்வரில் எவரை உட்காரவைத்தாலும் ஒரு நாளில் 5 கிலோ மனகோலம் முடிந்துவிடும். கைமுறுக்கு அப்படியன்று, அதற்கு விரல் பழகியிருக்க வேண்டும். ஒரு நாளில் முதலாமவர் 250, இரண்டாமவர் 200, மூன்றாமவர் 100, புதிதாக வந்த நான்காமவர் 50 முறுக்குகள் சுற்றுவார்.

இரண்டாம் படி: ஒவ்வொருவராக மாற்றிப் பாருங்கள்.

எல்லோரும் முறுக்குச் சுற்றினால் 600 முறுக்கு, மனகோலம் இல்லை. முறுக்கில் கை தாழ்ந்தவரை முதலில் மனகோலத்துக்கு அனுப்புவதே முறை.

நான்காமவர் மாறினால்: 5 கிலோ, 550 முறுக்கு
மூன்றாமவரும் மாறினால்: 10 கிலோ, 450 முறுக்கு
இரண்டாமவரும் மாறினால்: 15 கிலோ, 250 முறுக்கு
முதலாமவரும் மாறினால்: 20 கிலோ, முறுக்கு இல்லை

இழந்த முறுக்கைக் கிடைத்த கிலோவால் வகுத்தால், ஒரு கிலோ மனகோலத்தின் வாய்ப்புச் செலவு முறையே 10, 20, 40, 50 முறுக்குகள் என ஏறிக்கொண்டே போவது தெரியும். ஆத்தங்குடியில் கண்ணாடியின்மேல் வண்ணச் சிமெண்டுக் கலவை ஊற்றிப் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் தொழிலாளியை ஓலைக் கொட்டான் (கூடை) முடைய உட்காரவைத்தால் இழப்பு பெரியதாக இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணந்தான் இங்கும்: ஒரு வேலைக்குப் பழகிய கை மற்றொரு வேலையில் அதே அளவு பயன் தருவதில்லை.

கிடைமட்டக் கோட்டில் மனகோலத்தையும் செங்குத்துக் கோட்டில் முறுக்கையும் குறித்து, இந்த ஐந்து புள்ளிகளையும் இணையுங்கள். வெளிப்புறமாகப் புடைத்த இக்கோடே உற்பத்தி வாய்ப்பு வளைகோடு. அடுப்பு பழுதாகி ஆட்கள் சும்மா இருந்தால் அன்றைய உற்பத்தி கோட்டுக்கு உள்ளே விழும். கோட்டுக்கு வெளியே போக வேண்டுமானால் கூடுதல் ஆளோ, கூடுதல் திறமையோ, மேலான கருவியோ வேண்டும்.

மூன்றாம் படி: பணமாக மாற்றுங்கள்.

மாவு, எண்ணெய், விறகு போக முறுக்குக்கு 4 ரூபாயும், கிலோ மனகோலத்துக்கு 120 ரூபாயும் நிற்பதாகக் கொள்வோம். நால்வருக்கும் எந்த வேலைக்கும் ஒரே நாட்கூலி என்பதால் கூலி இம்முடிவை மாற்றாது. நான்காமவர் மாறும்போது ஒரு கிலோவுக்கு இழப்பது 40 ரூபாய், மூன்றாமவருக்கு 80. இரண்டும் 120-க்குக் குறைவு. இரண்டாமவருக்கோ 160 ஆகிவிடுகிறது. ஆகவே 10 கிலோ, 450 முறுக்கு என்பதே நல்ல தேர்வு. கூலிக்கு முன் 3000 ரூபாய் நிற்கும். எல்லோரையும் ஒரே பலகாரத்தில் வைத்தால், அது எதுவாயினும், 2400 ரூபாய்தான்.

நான்காம் படி: ரசீது இல்லாத செலவைத் தேடுங்கள்.

வேலை நடப்பது ஆச்சியின் சொந்த வீட்டு இரண்டாங்கட்டில் (வீட்டின் உட்பகுதியில்) என்பதால் இடத்துக்குச் செலவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அவ்விடத்தை ஒருவர் நாளுக்கு 300 ரூபாய்க்கும் மற்றொருவர் 500 ரூபாய்க்கும் கேட்டால், 500 மட்டுமே வாய்ப்புச் செலவு. ஓரிடத்தை ஒருவருக்குத்தான் விட முடியுமாதலால் இரண்டையும் கூட்டுவது தவறு. இதைவிட என்னை வருத்தும் விடுபாடு, ஆச்சியின் உழைப்பு. பதம் பார்த்து அடுப்படியில் நிற்கும் அதே நேரத்தில் அவர் ஒரு திருமண வீட்டுச் சமையலை மேற்பார்வையிட்டு ஊதியம் பெறக்கூடும் என்றால், அந்த ஊதியமும் கணக்கில் ஏறியாக வேண்டும்.

பயிற்சிக்காக, திருமண மாதத்தில் முறுக்குக்கு 4-க்குப் பதிலாக 7 ரூபாய் நிற்பதாக மாற்றிப் போடுங்கள். மூன்றாமவர் மனகோலம் செய்வதால் ஒரு கிலோவுக்கு இழப்பது இப்போது 140 ரூபாய். ஆகவே அவர் முறுக்குக்குத் திரும்ப வேண்டும். நான்காமவருக்கு இழப்பு 70 ரூபாய்தான் என்பதால், அவர் மட்டும் மனகோலத்திலேயே இருப்பார்.