சரித்திரக் காதல் கதையில் அந்த இரவை எவ்வளவு எழுதலாம்?

சரித்திரக் காதல் கதை எழுத உட்காருகிற எல்லாரும் ஏதோ ஒரு அத்தியாயத்தில் வந்து முட்டி நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. கோட்டை, முற்றுகை, குடிப்பகை எல்லாம் தாண்டி இரண்டு பேரையும் ஒருவழியாக ஒரே பாயில் இருத்தியாயிற்று, இனி அந்த இரவை வரிக்கு வரி எழுதுவதா, விளக்கை ஊதிவிட்டு "பொழுது விடிந்தது" என்று அடுத்த பந்திக்குப் போவதா? உடம்பை வெளிப்படையாக எழுதியே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது, எழுதக் கூடாது என்றும் கிடையாது. ஆனால் அந்த இரவில் ஏதோ ஒன்று மாறியே ஆகவேண்டும். மாறாவிட்டால் நீங்கள் எவ்வளவு துணிச்சலாக எழுதினாலும் வாசிக்கிறவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

"அப்படிக் காட்சி இல்லாவிட்டால் இந்தக் காலத்தில் யார் வாசிப்பார்கள்" என்ற பயத்தை முதலில் கழற்றி வையுங்கள். ஆங்கிலத்தில் சரித்திரக் காதல் நாவலுக்கு ஒரு வடிவம் கொடுத்த ஜோர்ஜெட் ஹேயரின் முதல் நாவல் 1921இல் வந்தது, அதற்குப் பிறகு ஐம்பது வருடம் எழுதினார், படுக்கையறைக்குள் போகவே இல்லை, இன்றைக்கும் அவருடைய புத்தகங்கள் அச்சில் இருக்கின்றன. கதவைத் திறந்து வைத்து எழுதுகிற அலை அமெரிக்காவில் 1972இல் கத்லீன் வுடிவிஸின் நாவலோடு கிளம்பியது, அதுவும் இலட்சக்கணக்கில் விற்றது. ஆக இரண்டு வகைக்கும் ஆள் இருக்கிறது. விற்பனையை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாது.

"நம்மட பண்பாட்டில் இல்லை" என்ற பேச்சும் அவ்வளவு சரியில்லை. திருக்குறளில் காமத்துப்பால் மட்டும் 250 குறள். கலிங்கத்துப்பரணி ஒரு போரைப் பற்றிய நூல், குலோத்துங்கனின் படை கலிங்கத்தை அழித்த கதை, ஆனால் பேய்களும் பிணங்களும் வருவதற்கு முன்னமே கடைதிறப்பு என்று ஒரு பகுதி வருகிறது, ஊடிக் கதவடைத்த பெண்களைப் பார்த்துக் கதவைத் திறக்கச் சொல்கிற பாட்டுகள். அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் முழுசாகப் படிப்பிக்க மாட்டார்கள், ஏன் என்று வாசித்தால் தெரியும். இன்னொரு பக்கம் சங்க அகப்பாட்டு இருக்கிறது: புணர்ச்சி நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், பாட்டில் இருப்பது மழையும் மலையும் காத்திருப்பும்தான். இரண்டு வழியும் நம் கையில் இருக்கிறது. எந்த வழி என்பதை உங்கள் கதையைக் கேட்டுத் தீர்மானியுங்கள்.

எப்படித் தீர்மானிப்பது? காட்சியை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்த இரவுக்கு முன் இவளுக்கு அவனிடம் என்ன பயம், அவனுக்கு இவளிடம் என்ன மறைப்பு. பொழுது விடியும்போது அதில் எது போய்விட்டது, எது புதிதாக வந்திருக்கிறது. இரண்டாவது வரி வரவில்லை என்றால் காட்சியே வேண்டாம். வருகிறது, ஆனால் அந்த மாற்றம் ஒரு பேச்சிலோ ஒரு பார்வையிலோ நடந்துவிடுகிறது என்றால் அந்தப் பேச்சை எழுதிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். மாற்றம் உடம்பு வழியாகத்தான் நடக்கிறது, உதாரணமாகப் போரில் காயப்பட்டு வந்தவன் தன் தழும்பை யாருக்கும் காட்டாமல் திரிந்தான், அன்றைக்கு அவள் கை அதில் படுகிறது, அவன் விலகவில்லை என்றால் அங்கே கதவைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். திறந்த கதவு என்றால் எல்லாவற்றையும் சொல்வது என்றில்லை, அந்தக் கையும் தழும்பும் போதும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம், ஏனென்றால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கதை வைக்கிறவர்களுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது, பலபேர் அதைக் கவனிக்காமல் தஞ்சாவூர் அரண்மனை மஞ்சத்தைக் கொண்டுவந்து புளியந்தீவில் போடுகிறார்கள். இங்கே குடி தாய்வழி. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். தமிழர்களிடமும் அப்படித்தான், அக்கரைப்பற்று, சம்மாந்துறை முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான். அதாவது முதல் இரவில் அந்நியர் வீட்டில் கூனிக்குறுகி இருப்பது பெண் இல்லை, ஆண். அவள் பிறந்து தவழ்ந்த இடம் அது, எந்த மூலையில் பல்லி இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கிறார். பிறகுதான் பெற்றோர் அதே வளவில் வேறு குடில் போட்டுக்கொண்டு போவார்கள். சுவர் மண் சுவர், கூரை கிடுகு, தும்மினால் முற்றத்தில் கேட்கும். இந்த இறுக்கத்தை விட்டுவிட்டு மல்லிகையும் பாலும் எழுதினால் எப்படி?

ஒரு சின்னக் காட்சியை எழுதிக் காட்டுகிறேன். காலம் 1638, மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போன வருடம். மாப்பிள்ளை கதிராமன் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆள், மாமன் மகள் பொன்னம்மையைக் கட்டி மேற்கே படுவான்கரைக்கு வந்திருக்கிறான்.

மாமி திண்ணையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டியின் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது. கதிராமன் பாயின் ஓரத்தில் விருந்தாளி போலக் காலை மடக்கி இருந்தான்.

"என்ன மச்சான், ஓரத்தில இருக்கிறீங்க?"

"உங்கட அம்மாட வீடு."

"நேத்தோட அது முடிஞ்சிது. இப்ப என்ட வீடு." பொன்னம்மை விளக்கைத் தூக்கி அவனுக்கும் தனக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். "இவ்வளவு இடம் என்னத்துக்கு?"

வெளியே பாக்குவெட்டி நின்றது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மாமி எழும்புகிற சத்தம், மறுகா வளவின் கடைசிவரைக்கும் அவளுடைய கால்சத்தம். பொன்னம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கை அவள்தான் ஊதினாள்.

அவ்வளவுதான். இனி விடியற்காலை. முந்தின நாள் தண்ணீர் வேண்டுமென்றால்கூட "ஆராவது இருக்கிறீங்களா" என்று கேட்ட கதிராமன், எழும்பிப் போய் அடுக்களைப் பானையில் தானே மொண்டு குடிக்கிறான். மாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வெற்றிலை வட்டாவை மட்டும் அவன் பக்கம் தள்ளிவிடுகிறாள். அந்த இரவில் என்ன நடந்தது என்பதைப் பானையும் வட்டாவும் சொல்லிவிட்டன. கதவைச் சாத்துகிறவர்கள் கவனிக்கவேண்டியது இந்த விடியலைத்தான். கதவைச் சாத்திவிட்டு, காலையிலும் ஒன்றும் மாறாமல் "அவள் முகம் நாணத்தால் சிவந்தது" என்று போட்டுவிட்டுப் போவது ஏமாற்று.

இதையே கதவைத் திறந்து எழுதுவதானால் நான் விளக்கை ஊதிய இடத்திலிருந்து இன்னும் ஒரு பத்து வரி போவேன், அதிலும் பாதி பேச்சாக இருக்கும். இருட்டில் அவனுக்கு அந்த வீட்டின் திசை தெரியாது, அவளுக்குத் தெரியும், அந்த வித்தியாசத்தை விடமாட்டேன். யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை நடுவில் மாற்றாதீர்கள். அவள் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தெரிவது மட்டும்: அவன் தோளில் தோணி வலித்த காய்ப்பு, தலையில் இலுப்பெண்ணெய் வாசம், அவன் கை நடுங்குவது. துடியிடை, கொடியிடை, மதிமுகம் எல்லாம் வந்தால் அது சிற்பத்தைப் பார்த்து எழுதியது, ஆளைப் பார்த்து எழுதியது இல்லை. மருத்துவப் புத்தகச் சொற்களும் வேண்டாம், சந்தியில் நின்று பொடியன்மார் பேசுகிற சொற்களும் வேண்டாம். வேறு சொல் வராவிட்டால் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டுங்கள், வாசகருக்கு விளங்கும்.

தனிமை எங்கே கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள், பழைய காலத்தில் அதுவே பெரிய பிரச்சினை. வீட்டுக்குள் கிடைக்காது. வயல் காவல் பரண் இருக்கிறது, ஆனால் பன்றியும் யானையும் வருகிற இரவு, விழித்திருந்து சத்தம் போடவேண்டும், பக்கத்து வட்டைக்காரனுக்குச் சத்தம் கேட்காவிட்டால் என்ன ஏது என்று பார்க்க வருவான். சூடடிக்கிற களம் ஆட்கள் நிறைந்த இடம். வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் தோணியை விட்டு நிற்கலாம், நுளம்பு விடாது (சினிமாவில் மட்டும்தான் காதலரை நுளம்பு கடிப்பதில்லை). கல்லடிப் பாலம் வந்தது 1924இல், மண்முனையில் பாலம் திறந்தது 2014இல், அதுவரைக்கும் அந்தத் துறையில் பாதை என்கிற மிதவையும் தோணியும்தான். ஆகவே "கடைசித் தோணி போய்விட்டது, இரவு இங்கேதான் தங்கவேண்டும்" என்பது இங்கே செயற்கையே இல்லை, ஒரு கதையில் ஒருதடவை தாராளமாகப் பாவிக்கலாம்.

நாளையும் பாருங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1638 மே 18, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு. மே நடுப்பகுதி என்றால் வைகாசி, கண்ணகை அம்மன் சடங்குக் காலம். ஊர் சுத்தபத்தமாக இருக்கிற நாட்கள். உங்கள் கதையில் கலியாணம் அதற்கு முதல் கிழமை நடந்திருந்தால், புருசன் பெண்சாதி ஒரே வளவில் இருந்துகொண்டு சடங்கை முடிக்கிற குளிர்த்தி ஆகும்வரைக்கும் விலகி நடக்கவேண்டும், கச்சான் காற்று வேறு உடம்பைப் பொசுக்கிக்கொண்டு வீசும். பத்துப் பக்கம் படுக்கையறை எழுதினாலும் வராத சூடு இந்தத் தள்ளிவைப்பில் வரும். ஆசையைக் கூட்டுவதற்கு எப்போதும் தடைதான் நல்ல வழி, தடை அந்தக் காலத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் கதை சரித்திரக் கதையாகவும் இருக்கும்.

நெருக்கமான காட்சியில்தான் பொருள் பிழை பளிச்சென்று தெரியும், ஏனென்றால் வாசகர் அங்கே மெதுவாக வாசிக்கிறார். 1638இல் தீப்பெட்டி கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது, அணைந்த விளக்கை நினைத்தவுடன் திரும்பக் கொளுத்த ஏலாது. இப்போதைய கொக்கி வைத்த ரவிக்கை கிடையாது, ஆகவே அதைக் கழற்றுகிற நாலு வரியும் போய்விடும். பொழுது விடிந்து அவள் தேநீர் கொண்டுவரக் கூடாது, இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல்.

சம்மதம் பற்றி ஒன்று சொல்லாமல் விட ஏலாது. "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு பலாத்காரத்தைக் காதலின் தொடக்கமாக எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நான் மேலே சொன்ன 1972 நாவலிலேயே அந்தக் கறை இருக்கிறது, கதாநாயகன் அப்படித்தான் தொடங்குகிறான், பிறகு வந்த வாசகர்கள் அதை விட்டுவைக்கவில்லை. கொடுமை நடந்த காலத்தைக் கொடுமையாகவே எழுதலாம், அதற்கு மல்லிகை வாசம் பூசவேண்டாம். சின்ன வயதில் கட்டிக்கொடுத்த காலம் என்பதும் உண்மைதான், ஆனால் நீங்கள் காதல் கதை எழுதுகிறீர்கள், இரண்டு பேரையும் வளர்ந்தவர்களாக வையுங்கள், வயதைக் கதையில் தெளிவாகச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அப்புறம் உண்மையான ஆட்கள். அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வைத்திருக்கிறது. எழுதுகிறவனுக்கு அது இன்றைக்கும் உதவுகிற ஏற்பாடு. இராஜசிங்கன் கதைக்குள் குதிரையில் வந்து போகட்டும், உடன்படிக்கையில் கையெழுத்து வைக்கட்டும். பாயில் இருப்பது நீங்கள் உண்டாக்கிய பொன்னம்மையும் கதிராமனுமாக இருக்கட்டும். ஊர் கும்பிடுகிற பெயர்களை, மட்டக்களப்புப் பழங்கதையில் வருகிற அரசி உலகநாச்சி போன்ற பெயர்களை, அந்த அறைக்குள் கொண்டுபோனால் கதையை யாரும் வாசிக்கமாட்டார்கள், சண்டையைத்தான் வாசிப்பார்கள்.

வெளியிடுகிற விசயம் சுருக்கமாக. இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அச்சில் போடுவதானால் அச்சகக்காரரே முதலில் கேட்பார். இணையத்தில் தொடராகப் போடுவதானால் அந்தந்தத் தளத்தின் விதியை வாசித்துவிட்டு, கதை எந்த வயதினருக்கு என்பதை முதல் அத்தியாயத்தின் தலையிலேயே போட்டுவிடுங்கள். கதவு திறக்குமா திறக்காதா என்ற எதிர்பார்ப்பை முதல் தொடுகையிலேயே வாசகருக்குக் காட்டிவிடவேண்டும். இருபது அத்தியாயம் கைவிரல்கூடப் படாமல் எழுதிவிட்டு இருபத்தொன்றில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டால் இரண்டு வகை வாசகரும் கோபிப்பார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு கிழமை ஆறப்போட்டுவிட்டு, கதை வாசிக்கிற பழக்கமுள்ள மாமி ஒருவரிடமும், கலியாணம் கட்டாத தங்கச்சி வயதுப் பெண் ஒருத்தியிடமும் கொடுங்கள். நல்லாயிருக்கா என்று கேட்கவேண்டாம், நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தை வாசிக்காமல் தாண்டினீர்கள் என்று கேளுங்கள். கூச்சத்தில் தாண்டியிருந்தால் அந்தப் பக்கம் இருக்கட்டும், அலுப்பில் தாண்டியிருந்தால் வெட்டுங்கள்.